புள்ளி விவரம்

"என்னங்க, மீனுக்கு வேர்க்குரு வருமா?"

காலைக் காபியை நீட்டிக்கொண்டே மனைவி கேட்டாள். சித்திரை மாதத்துச் சென்னை. ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த எனக்கே முதுகெல்லாம் வேர்க்குரு. தண்ணீருக்குள்ளேயே குடித்தனம் நடத்தும் ஜீவனுக்கு எப்படி வரும் என்று எழுந்து போய்ப் பார்த்தேன். டோரியின் நீல முதுகில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். உப்புமா கிளறும்போது ரவை தெறித்து ஒட்டிக்கொண்ட மாதிரி.

'மூணுதானே' என்று பேப்பருக்குத் திரும்பிவிட்டேன். நான் செய்த தப்புகளுக்கெல்லாம் ஒரு பேரேடு போட்டால் முதல் பக்கத்து முதல் வரி இந்த 'மூணுதானே'தான்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் கைராசி தெரியும். கீசர் மாட்டப் போய்க் கீழ்வீட்டு ஹாலில் மழை பெய்வித்தவன் நான். அப்பேர்ப்பட்டவன் கடல் மீன் வளர்க்கலாமா? நல்ல தண்ணீர் மீன் என்றால் பரவாயில்லை. ஒரு ஜோடி கப்பியை ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டால்கூடப் பிள்ளை குட்டி பெற்று சௌக்கியமாக இருக்கும். கடல் மீன் அப்படியில்லை. லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அதை அளக்க ஒரு கருவி, அலை அடிக்க ஒரு மோட்டார், அழுக்கை நுரையாக எடுக்க ஒரு குழாய், இத்தனைக்கும் மேலே கரண்ட் பில்.

எல்லாம் மகளால் வந்தது. ஏழு வயது. 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தைப் பதினோரு தடவை பார்த்தவள். படத்தில் பல் டாக்டர் வீட்டு... மன்னிக்கவும், கிளினிக் தொட்டியில் மாட்டிக்கொண்ட நீமோ வெளியே தப்பிக்கத்தான் அந்தப் பாடு படுகிறது. அதைப் பார்த்து முடித்த என் மகள் கேட்டது, "அப்பா, நமக்கும் ஒரு தொட்டி."

கொளத்தூர் போனோம். கலர் மீன் என்றால் சென்னையில் கொளத்தூர்தான். தெருவுக்குத் தெரு கண்ணாடிப் பெட்டி, பாலிதீன் பையில் ஆக்சிஜன் அடைத்த மீன். இரண்டரை அடித் தொட்டி, 120 லிட்டர். தொட்டிக்குள் வைக்க ராமேஸ்வரம் பக்கத்துப் பவளப்பாறை வேணுமா என்று ஒருவர் காதோரம் வந்து கேட்டார். 2001-லிருந்து அது வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறது. எடுத்தால் உள்ளே போக வேண்டும். வேண்டாம் சாமி என்று செயற்கைப் பாறையே வாங்கினேன். இரண்டு நீமோ, மற்ற மீன்களைச் சுத்தம் செய்து விடும் ஒரு சிவப்பு இறால். மூன்று மாதம் வீட்டில் நிம்மதி.

நீமோ வந்தால் டோரி வராமல் இருக்குமா? பிறந்த நாளைக்கு மூன்று வாரம் முன்பே ஆரம்பித்துவிட்டாள். கடைக்காரர் பையில் கட்டிக் கொடுத்தார். அது வளர்ந்தால் ஒரு அடி வரும், என் தொட்டி அதற்கு டெலிபோன் பூத் மாதிரி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நேராகக் கொண்டுவந்து தொட்டியில் விட்டேன். ஆறாம் நாள் வேர்க்குரு.

புள்ளி மூன்று பதினைந்தானதும் கடைக்கு ஓடினேன்.

"வொயிட் ஸ்பாட் சார். ஜலதோஷம் மாதிரி. இந்த நீல மருந்து பத்து சொட்டு விடுங்க. ஹீட்டரை முப்பதுல வைங்க. ஒரு கைப்பிடி கல்லுப்பு போடுங்க. ஓடிப் போயிடும்."

"தம்பி, இது கடல் தண்ணித் தொட்டி. அதுல ஏற்கெனவே நாலு கிலோ உப்பு இருக்கு."

"அப்ப உப்பு வேணாம் சார்" என்று பெருந்தன்மையோடு விட்டுக் கொடுத்தார்.

நீல மருந்து விட்டேன். ஹீட்டரை ஏற்றினேன். நாலாம் நாள் காலை பார்த்தால் டோரி உடம்பு பளிங்கு! ஒரு புள்ளி இல்லை. அன்றைக்கு நான் பேசிய பேச்சு இருக்கிறதே... அடுக்குமாடி முழுக்க மீன் டாக்டர் ஆகிவிட்டேன். இரண்டாம் மாடிக்காரர் தன் லவ் பேர்ட்ஸையே கொண்டுவந்து காட்டினார்.

எட்டு நாள் கழித்து மறுபடி வந்தது. இந்தத் தடவை எண்ண முடியவில்லை. மீட்டர் வட்டிக்குக் கடன் வாங்கியவன் பாக்கி ஏறுகிற மாதிரி காலையில் ஒரு கணக்கு, சாயங்காலம் ஒரு கணக்கு. டோரி பாறையில் உடம்பைத் தேய்த்தது. தீனியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஒதுங்கியது. கடைசி இரண்டு நாள் மோட்டாருக்கு முன்னால் போய் நின்றுகொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது. வெள்ளிக்கிழமை காலை தொட்டி மூலையில் சாய்ந்து கிடந்தது.

மகள் ரொம்ப நேரம் பார்த்தாள். படத்தில் டோரிக்கு மறதி வியாதி. ஐந்து நிமிஷம் முன்பு நடந்தது நினைவிருக்காது.

"மூச்சு விட மறந்துடுச்சாப்பா?"

எனக்குப் பதில் வரவில்லை. கறிவேப்பிலைத் தொட்டியில் புதைத்தோம். அந்த வாரம் ரசத்துக்குக் கறிவேப்பிலை கடையில் வாங்கினாள் என் மனைவி. ஏன் என்று நான் கேட்கவில்லை.

நீமோக்கள் மேல் ஒரு புள்ளிகூட இல்லை. 'வியாதி டோரியோட போச்சு' என்று முடிவு கட்டினேன். பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டது என்பதற்காகக் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. பதிவே செய்யாமல் விட்ட பரிவர்த்தனை அதில் தெரியாது. அதற்கு ஐந்து மார்க் கேள்வியே உண்டு. நான் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

பதினாலு நாள் கழித்து நீமோக்கள் மேல் புள்ளி.

இந்தத் தடவை நான் சும்மா இருக்கவில்லை. பூண்டு நசுக்கித் தீனியில் கலந்தேன். வீடு ஊறுகாய்க் கம்பெனி மாதிரி நாறியது. அப்புறம் யாரோ சொன்னார்களே என்று தாமிர மருந்து வாங்கித் தொட்டியிலேயே ஊற்றினேன். அன்று ராத்திரிக்குள் அந்தச் சிவப்பு இறால் மல்லாந்துவிட்டது. மற்றவர்கள் உடம்பைச் சுத்தம் செய்துகொண்டு தன்பாட்டுக்கு இருந்த ஜீவன். அதற்குப் புள்ளியும் இல்லை, வியாதியும் இல்லை. என் வைத்தியத்தால் செத்தது.

அப்போதுதான் மூன்றாம் மாடி மாமா வந்தார். விலங்கியல் பேராசிரியராக இருந்து ரிட்டயரானவர். வந்தது மெயின்டனன்ஸ் பாக்கி கேட்க. தொட்டியைப் பார்த்தவர் பாக்கியை மறந்துவிட்டார்.

"புள்ளி ரவை மாதிரியா, முகப்பவுடர் மாதிரியா?"

"ரவை மாமா."

"பிழைச்சீங்க. பவுடர் தூவின மாதிரி இருந்தா அது வேற ஆள். ரெண்டு மூணு நாள்ல முடிச்சுடுவான். வெள்ளையா கோழை கோழையா உரிஞ்சா அது இன்னொருத்தன். நீமோவுக்கு அது அடிக்கடி வரும். மூணுக்கும் வைத்தியம் வேற வேற. முதல்ல ஆளைத் தெரிஞ்சுக்கணும்."

ஆள் பெயர் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ். 1930-களிலேயே ஜப்பான்காரர் ஒருவர் இதைப் பற்றி எழுதிவிட்டாராம். 1951-ல் பிரௌன் என்கிற ஆராய்ச்சியாளர் பெயர் சூட்டினார். 'இரிட்டன்ஸ்' என்றால் எரிச்சல் மூட்டுவது. விஞ்ஞானப் பெயர்களில் நான் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்ளும் பெயர் இது ஒன்றுதான்.

மாமா சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

மீன் மேல் தெரிகிற வெள்ளைப் புள்ளி ஒற்றை செல் ஒட்டுண்ணி. தோலின் மேலே இல்லை, மேல் தோலுக்கு அடியில் புதைந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால் எந்த மருந்தும் அங்கே போய் அதைத் தொடுவதில்லை. மூன்றிலிருந்து ஏழு நாள் வரை மீனைத் தின்று கொழுக்கும். அப்புறம் தானாகவே இறங்கிவிடும், பெரும்பாலும் வெளிச்சம் வருவதற்கு முன்னால், இருட்டில்.

"அப்ப நாலாம் நாள் புள்ளி காணாமப் போனது..."

"சாப்பிட்டு முடிச்சு எழுந்து போயிருக்கு. உங்க நீல மருந்துக்கும் அதுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது."

இறங்கியது மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கெட்டியாக ஓடு கட்டிக்கொள்ளும். அதற்குள் இரண்டாகி, நாலாகி, எட்டாகி, கடைசியில் ஓட்டை உடைத்துக்கொண்டு இருநூறு குஞ்சு வரை நீந்தி வெளியே வரும். சிலது மூன்றே நாளில் உடையும். சிலது நாலு வாரம் எடுத்துக்கொள்ளும். 72 நாள் கழித்து உடைந்ததும் உண்டாம். நீந்துகிற அந்தக் குஞ்சுக்கு மட்டும்தான் மருந்து வேலை செய்யும். அது ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். இல்லையென்றால் செத்துப்போகும்.

நான் மனசுக்குள் பெருக்கினேன். மூன்று புள்ளி, அறுநூறு. அடுத்த சுற்றில் ஒரு லட்சத்து இருபதாயிரம்.

"கடல்ல இது மீனைச் சாதாரணமாக் கொல்றதில்லே" என்றார் மாமா. "அவ்வளவு பெரிய தண்ணியில ஒரு குஞ்சு ரெண்டு நாளைக்குள்ள மீனைத் தேடிப் பிடிக்கிறது லாட்டரி. இங்கே தேடவே வேண்டாம். திரும்பினா மீன்."

எனக்குத் திருவல்லிக்கேணி ஞாபகம் வந்தது. வேலை தேடிக்கொண்டிருந்தபோது மேன்ஷனில் ஒரு ரூமுக்கு நாலு பேர். ஒருத்தனுக்கு மெட்ராஸ் ஐ வந்தால் மூன்றாம் நாள் மாடி முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. அதே கிருமிதான், ஊரில் எங்கள் பாட்டி வீட்டுத் திண்ணையில் யாருக்கும் பரவியதில்லை.

நீமோக்கள் முதலில் தப்பித்ததற்கும் மாமா காரணம் சொன்னார். லேசாக வந்து தேறிய மீனுக்குக் கொஞ்ச நாள் எதிர்ப்பு சக்தி இருக்கும். உடம்பு சுத்தமாகத் தெரியும். செவுளுக்குள்ளே, நம் கண்ணுக்குப் படாமல், ஒன்றிரண்டு குடித்தனம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் இந்த வியாதிக்காரர்கள் எல்லோரும் 'போயிடுச்சு, போயிடுச்சு' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். டோரி மூச்சுக்குத் தவித்ததும் செவுள் அடைத்துத்தான்.

நல்ல தண்ணீர் மீனுக்கு வரும் வெள்ளைப் புள்ளி வேறு ஜாதி. அதற்குத்தான் சூடும் கல்லுப்பும். கடல் மீனுக்கு உப்பைக் குறைத்துத்தான் வைத்தியம் செய்யலாம், கூட்டி அல்ல. தாமிரமும் நல்ல மருந்துதான். ஆனால் தனித் தொட்டியில், தினம் அளந்து பார்த்துக் கொடுக்க வேண்டியது. அளவு கொஞ்சம் குறைந்தால் கிருமி சாகாது, கூடினால் மீன் சாகும். இறாலுக்குச் சொட்டு பட்டாலே விஷம். நான் ஊற்றியதில் பாதியைப் பாறையும் மணலும் உறிஞ்சிக்கொண்டன. ஆகக் கிருமி சௌக்கியம், இறால் காலி.

"நீங்க மீனுக்கு வைத்தியம் பாத்துட்டிருந்தீங்க" என்றார் மாமா எழுந்தபடி. "வியாதி தொட்டிக்கு. மீனை வெளியே எடுங்க."

எடுத்தேன். இரண்டு பெரிய பிளாஸ்டிக் டப். ஒன்றில் 20 லிட்டர் தண்ணீர், 700 கிராம் கடலுப்பு, காற்றுக்கு ஒரு குழாய், ஒளிந்துகொள்ள பி.வி.சி. பைப் துண்டு. அதில் இரண்டு நீமோவும் மூன்று நாள். 72 மணி நேரம் முடிவதற்கு முன்னால் மீனை மட்டும் எடுத்து இரண்டாவது டப்பில், புதுத் தண்ணீரில், விட வேண்டும். பழைய தண்ணீர் ஒரு கரண்டிகூடக் கூட வரக் கூடாது. மீனிலிருந்து இறங்கிய ஆசாமிகள் பழைய டப்பிலேயே மாட்டிக்கொள்வார்கள்; ஓடு உடைவதற்குள் நாம் ஜாகை மாற்றியிருப்போம். காலி டப்பைக் கழுவி மொட்டை மாடி வெயிலில் மொறுமொறுவென்று காயப் போட வேண்டும். இப்படியே முதல் நாள், நாலு, ஏழு, பத்து, பதிமூன்று. மருந்து ஒரு சொட்டு கிடையாது. செலவு மொத்தம் மூன்றரைக் கிலோ உப்பு. வாடகை ஏறுவதற்கு முன் வீடு மாற்றுகிற நடுத்தரக் குடும்பத்தின் டெக்னிக் இது. எனக்குச் சுலபமாகப் புரிந்தது.

புரிந்ததே தவிர, நடத்துவது சுலபமில்லை. ஏழாம் நாள் மதுரையில் சித்தப்பா மகன் கல்யாணம். தாலி கட்டி முடித்ததும் பந்திக்குக்கூட உட்காராமல் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினேன். சித்தப்பா ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"என்னடா, வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"ஆமா சித்தப்பா."

"யாருக்கு?"

சொன்னேன். அவர் கையை விட்ட விதம் இன்னும் மனசில் நிற்கிறது.

பதிமூன்றாம் நாள் நீமோக்கள் சுத்தம். இனிமேல்தான் விஷயம். மீன் சுத்தமானால் போதுமா? தொட்டிக்குள் ஓடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள்? மருந்தும் ஆகாது, கொதிக்கும் நீரும் ஆகாது. நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து செத்துவிடும். ஒரே வழி, தொட்டியில் மீனே இல்லாமல் காலியாக விட வேண்டும். ஓடு உடைத்து வருகிறவர்களுக்கு மீன் கிடைக்காது. எத்தனை நாள்? கடைசி ஆள் 72 நாள் என்றால், பாதுகாப்புக்கு இன்னும் நாலு. எழுபத்தாறு நாள்.

எழுபத்தாறு நாள் மோட்டார் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, பாறை இருக்கிறது, மீன் இல்லை. பாக்டீரியா பட்டினி கிடக்கக் கூடாது என்று தினமும் ஒரு சிட்டிகை தீனி வேறு போட வேண்டும். ஊரிலிருந்து வந்த மாமியார் நான் காலித் தொட்டிக்குத் தீனி போடுவதை வாசல்படியில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி மகளிடம் மெதுவான குரலில், "மாப்பிள்ளைக்கு ஆபீஸ் வேலையே இருந்திருக்கலாம்" என்றது சுவர் தாண்டிக் கேட்டது.

மாற்றுக் காலண்டரில் என் மகள் தினம் ஒரு பெருக்கல் குறி போட்டாள். நீமோக்கள் ஸ்டோர் ரூமில் டப்பில், ஸ்பாஞ்ச் பில்டர் துணையோடு, குழாய் அரிசி டின்னுக்குப் பக்கத்தில். நாற்பதாம் நாள் எனக்கே கை அரித்தது. புள்ளிதான் இல்லையே, நாற்பது நாள் ஆச்சே, ஒரு ராத்திரிதானே... தொட்டிக்கு முன்னால் வலையோடு நின்றிருக்கிறேன். 'மூணுதானே' என்று சொன்ன அதே வாய். வலையைக் கீழே வைத்தது மன உறுதியால் இல்லை. பின்னால் மகள் பென்சிலோடு நின்றிருந்தாள்.

நாற்பத்தொன்பதாம் நாள் மச்சான் வந்தான். கையில் பாலிதீன் பை. உள்ளே மஞ்சள் வாலோடு நீலமாக ஒரு குட்டி டாம்செல்.

"மாமா, பாப்பா பர்த்டேக்கு அன்னைக்கு வர முடியல. தொட்டி காலியா கிடக்குன்னு அக்கா சொன்னா. அதான்."

எனக்கு வேர்த்தது. தொட்டியில் விட்டால் 49 நாள் பூஜ்யம். கணக்கை முதலிலிருந்து துவங்க வேண்டும். விடாவிட்டால் குடும்பம். பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நேராக பாத்ரூமுக்குப் போனேன். புது பக்கெட், தனி மக், தனி வலை.

அன்று இரவு சாப்பாடு பரிமாறிய சத்தத்திலேயே தெரிந்தது.

"என் தம்பி வாங்கிட்டு வந்தா பாத்ரூம்தான் கிடைக்குமா?"

"2020-ல் அவன் பெங்களூர்லேருந்து வந்தப்போ பதினாலு நாள் மொட்டை மாடி ரூம்ல வெச்சு ஏணியில சாப்பாடு அனுப்பினது யாரு?"

"அது கொரோனா."

"இதுவும் அதேதான். எனக்கு ரெண்டு நாள்னா மீனுக்கு..."

"அவன் பேசுவான். மீன் பேசுமா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஐந்து நாள் அவள் பேசவில்லை. நாங்கள் மூன்று பேரும் பக்கெட் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு குளித்தோம்.

ஆறாம் நாள் காலை அவளே கூப்பிட்டாள். "இங்க வாங்க."

டாம்செல் முதுகில் வாலுக்குப் பக்கத்தில் இரண்டு. ரவை.

ஜெயித்துவிட்டேன் என்று நான் குதித்திருக்க வேண்டும். தோன்றவில்லை. பக்கெட்டுக்குப் பக்கத்தில் நானும் அவளும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தோம். டோரியையும் இப்படி ஒரு பக்கெட்டில் ஒரு மாதம் வைத்திருந்தால் போதும் என்பது இரண்டு பேருக்குமே தெரிந்தது. பக்கெட் விலை 180 ரூபாய்.

"உப்பு எவ்வளவு போடணும்?" என்றாள்.

டப் மாற்றுவது இப்போது அவள் டிபார்ட்மென்ட். என்னைவிட நேரம் தவறுவதில்லை. பால் பாக்கெட் மாதிரி உப்பை எழுநூறு எழுநூறு கிராமாகக் கட்டி வைத்துவிட்டாள்.

எழுபத்தாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமாவையும் கூப்பிட்டோம். கரி வடிகட்டி போட்டு, தண்ணீர் மாற்றி மாற்றித் தாமிரம் சுத்தமாகப் போன பிறகுதான் இறால் என்று கண்டிஷன் போட்டிருக்கிறார். அதற்கு இன்னும் கிட் டெஸ்ட் பாக்கி. நீமோ இரண்டும் டப்பிலிருந்து வலை, வலையிலிருந்து தொட்டி. கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. அப்புறம் பெரியது பாறைக்குப் பின்னால் போனது, சின்னது அதன் பின்னாலேயே போனது. மாமா கை தட்டினார். மகள் காலண்டரில் கடைசிப் பெருக்கல் குறியைப் பேப்பர் கிழியும் வரை அழுத்திப் போட்டாள்.

அது நடந்து மூன்று வாரம் ஆகிறது. மச்சானின் டாம்செல் தேறிவிட்டது, ஆனாலும் இன்னும் பாத்ரூமில்தான். மனைவி அதன் தேதியைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறாள், ஒரு நாள் முன்னாலும் விட மாட்டாளாம். நான் தினம் ஐந்து மணிக்கு எழுந்து டார்ச் அடித்து நீமோவைப் பார்க்கிறேன். நேற்று சின்னதின் துடுப்பில் வெள்ளையாக ஒரு புள்ளி. மூக்கு கண்ணாடியில் ஒட்டக் குனிந்து பார்த்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது.

"அப்பா, அது காத்துக் குமிழி" என்றாள் பின்னால் பல் தேய்த்துக்கொண்டே வந்த மகள். "நகருங்க, எனக்குத் தெரியல."